வரையாமல் விட்ட கயிறு

மறுநாள் காலை கண்காட்சி திறப்பு. பதினோரு ஓவியங்களுக்குச் சுவர்க்குறிப்பு ஒட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவதில்தான் குறிப்பு எழுதுபவளுக்கும் அருங்காட்சியக இயக்குநருக்கும் இழுபறி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில், சிவப்புச் சுண்ணக்கட்டியால் தீட்டிய ஆண் உருவம். வலது கை தலைக்கு மேலே நீண்டிருந்தது.

‘விண்ணை எட்டத் துடிக்கும் ஆன்மா’ என்றுதான் போட வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். அவளுக்கு அது ஒட்டவில்லை. மறுக்க ஆதாரமும் இல்லை. மதியத்துக்குள் வேறு குறிப்பு தராவிட்டால் அந்த ஆன்மா அவள் பெயரோடு சுவரேறிவிடும்.

வீட்டுச் சாவியை மறந்து வந்திருந்தாள். அதைக் கொடுக்க வந்த நாத்தனார், பிசியோதெரபிஸ்ட், படத்தின் முன் நின்றுவிட்டாள்.

“அண்ணி, இந்த ஆளு எதையோ பிடிச்சுத் தொங்குறான்.”

“வானத்தைத் தொடுறானாம்.”

“தொடுறவன் விரலை ஏன் மடக்குறான்? தோள் காதுகிட்ட ஏறியிருக்கு பாருங்க. தினம் இருபது தோள் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

குறிப்பு எழுதுபவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மாடல்கள் கை சோராமல் நிற்க அந்தக் கால ஓவியக்கூடங்களில் மேலிருந்து கயிறு தொங்கவிடுவார்கள். ஓவியர் கயிற்றை வரையாமல் விட்டுவிடுவார். படித்திருக்கிறாள். படத்தில் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இயக்குநர் வந்து கேட்டார், சிரித்தார். “கலைக்கு வைத்தியம் பாக்கிறீங்களாம்மா?”

“நீங்களே அப்படி அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார்,” என்றாள் நாத்தனார்.

இயக்குநர் கோட்டைக் கழற்றிவிட்டு, கையைத் தூக்கி நின்றார். இரண்டாவது நிமிடம் முழங்கை இறங்கியது. மூன்றாவதில் முகம் சிவந்தது.

“பிடிச்சுக்க ஏதாவது குடுங்கம்மா!”

குறிப்பு எழுதுபவள் ஏணியில் ஏறி, படங்களைக் கட்டி வந்த கயிற்றை உத்தரத்தில் போட்டு இறக்கினாள். பற்றிக்கொண்டார். விரல்கள் மடங்கின, தோள் ஏறியது. எதிரே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓவியத்திலும் அதே தோள்.

“அட!” என்றவர், கயிற்றை விடாமல், “அப்போ ஆன்மா?” என்றார்.

“அதுவும் இருந்திருக்கும் சார். கையும் வலிச்சிருக்கும்,” என்றாள் ஏணியிலிருந்து இறங்கியவள்.

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள்: ‘மாடல் கயிற்றைப் பிடித்து நின்றிருக்கக்கூடும். ஓவியர் அதை வரையவில்லை.’

இயக்குநர் தோளைத் தேய்த்தபடி இரண்டு முறை படித்தார். ‘கயிற்றை’ என்பதற்கு முன்னால் ‘நெடுநேரம்’ என்று தன் கையாலேயே சேர்த்தார்.

“இதை ஒட்டிடுங்க,” என்று தாளை நீட்டிவிட்டு, நாத்தனார் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, இதுக்கு ஐஸ் வைக்கலாமா, வெந்நீரா?”