டிக்கியில் கொஞ்சம் இடம்

'படார்!'

தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. மருமகள் "ஐயோ!" என்று மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். வெள்ளை வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய புகை கிளம்பியது. ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவும் தோன்றாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தான் மகன்.

பெரியவர் மட்டும் அசையவில்லை. சக்கர நாற்காலியில் சாய்ந்தபடியே சிரித்தார்.

"ஒண்ணும் ஆகல. நான் எழுந்து ஓடியிருந்தாதான் நீங்க பயப்படணும்."

பேத்தி களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வண்டிக் கடைக்காரர் ஓடி வந்து பானெட்டைத் திறந்தார். அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் 'சத்தியம்'. கூரை ஒழுகும் வண்டியைக்கூடத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து விற்றுவிடுவார் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அது தெரியும், வருத்தமில்லை.

"சத்தியமா சொல்றேன் சார், இது சின்ன விஷயம். கேஸ்ல ஓடற வண்டின்னா எப்பவாவது ஒரு தும்மல் போடும். ஒயர் மாத்தினா அடங்கிடும்."

"தும்மலா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு" என்றாள் மருமகள்.

கொட்டகையில் அருகருகே நின்றன இரண்டு வண்டிகள். ஒரே கம்பெனி, ஒரே உடம்பு. மேடு பள்ளம் எதற்கும் அஞ்சாத பெரிய ஜீப் ரகம். புதிதாக இருந்த காலத்தில் பெரும் பணக்காரர்கள் மட்டுமே வைத்திருந்தவை. உள்ளே மரப்பட்டி வைத்த டேஷ்போர்டு, தோல் சீட்டு. தோலில் இப்போது வெடிப்பு விழுந்திருந்தாலும் மிடுக்கு குறையவில்லை. வெள்ளை வண்டி பெட்ரோல். பழைய முதலாளி அதில் கேஸ் பொருத்தியிருந்தார். கறுப்பு வண்டி டீசல். அதன் பின்பக்கக் காற்று சஸ்பென்ஷன் ஒன்று இறங்கிப்போய், ஒருக்களித்துப் படுத்த மாடு மாதிரி நின்றது.

மகனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுரங்க ஊருக்கு மாற்றல். அடுத்த மாதம் போயாக வேண்டும். வழியெல்லாம் ஏற்றமும் இறக்கமும் மண்பாதையும். சின்னக் காரை நம்பிப் போக முடியாது. அதற்குத்தான் இந்த வண்டி தேடும் படலம்.

"அப்பா, நீங்க வந்து இன்ஜினைக் கேட்டுச் சொல்லுங்க" என்று நேற்று மகன் சொன்னபோது பெரியவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம். வேலைக்காலம் முழுக்கப் பஸ் பணிமனையில் இன்ஜின் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவர். பக்கவாதம் காலை வாங்கிக்கொண்டது. காதை விட்டுவைத்தது.

அந்தக் காதுதான் கொஞ்ச நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. மருமகள் போனில் யாரிடமோ, "நல்லா பாத்துக்குவாங்களா? டாக்டர் அங்கேயே இருப்பாரா?" என்று கேட்டது விழுந்தது. நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டதும் அவள் சட்டென்று பேச்சை மாற்றியதும் விழுந்தது. அவர் மகனிடம் இரண்டு மூன்று தடவை சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். "அங்க குடுக்கிற வீட்டுல எனக்கு எந்த ரூம்டா?" ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "பாக்கலாம்பா."

என்னைக் கூட்டிப் போவார்களா, மாட்டார்களா? வேறு எந்தக் கேள்வியும் அவருக்கு இல்லை. வண்டி பார்க்கக் கூப்பிட்டதும், பாதிப் பதில் கிடைத்துவிட்டதாகவே நினைத்தார். விட்டுவிட்டுப் போகிறவரிடமா வண்டி எப்படி என்று கேட்பான்?

ஆனால் வந்து பார்த்தால் வெள்ளை வண்டியின் டிக்கியில் குறுக்கே படுத்திருந்தது ஒரு கேஸ் டேங்க். தடித்த உருளை. மிச்ச இடத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். மடக்கினாலும் சக்கர நாற்காலி நுழையாது. கறுப்பு வண்டியின் டிக்கியோ காலி. ஒரு கட்டில் போடலாம்.

நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் வெள்ளை வண்டியின் பானெட்டைத் தொட்டார். ஓடிக்கொண்டிருந்தது சிறிது நேரம்தான். தகடோ அடுப்பு மாதிரி கொதித்தது.

"என்ன தம்பி, நாங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சுட்டியா? சூடேறாத பச்சை இன்ஜினா இருந்தா இன்னும் என்னென்ன பாட்டுப் பாடுமோ!"

சத்தியம் மகனைப் பார்த்தார். மகன் அவசரமாகச் சொன்னான்: "வெயில்பா."

வண்டி நிழலில் நின்றது.

"எனக்கு இதான் பிடிச்சிருக்கு" என்றான் மகன், வெள்ளை வண்டியிலிருந்து இறங்கியபடி. "பெட்ரோல் இன்ஜின், அதிர்வே இல்ல. கேஸ்ல ஓட்டினா செலவும் பாதி. டீசல்னா புகை வடிகட்டி அடைக்கும், இன்ஜெக்டர் போகும், ஒண்ணு மாத்தி ஒண்ணு."

"வாசனை வேற" என்றாள் மருமகள். "டீசல் வண்டியில ஏறினாலே இவ வாந்தி எடுத்துடுவா, மாமா."

"மலை ஏத்தத்துல டீசல் இழுக்கிற இழுவை பெட்ரோலுக்கு வராதும்மா" என்றார் பெரியவர். "அங்க கேஸ் எங்க கிடைக்கும்? கேஸ் தீர்ந்து பெட்ரோல்ல ஓட்டினீங்கன்னா குடம் குடமா குடிக்கும், இந்த சைஸ் இன்ஜின்."

"சுரங்கத்துக்காரங்களே பங்க் வச்சிருக்காங்கப்பா. விசாரிச்சுட்டேன்."

எல்லாம் விசாரித்துவிட்டான். பெரியவர் வேறு பக்கம் பாய்ந்தார். "வெடிச்சதே, அதைப் பாத்தீங்கல்ல? பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு, மலை நடுவுல இப்படி வெடிச்சா? டேங்க் வேற பின்னாடியே உக்காந்திருக்கு!"

வெடித்ததற்கும் டேங்குக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய ஸ்பார்க் பிளக் ஒயர். அரை மணி வேலை. தெரிந்தேதான் பயமுறுத்தினார். மருமகளின் முகம் வெளுத்தது.

"சரி, டீசலையும் கேட்டுடுங்கப்பா" என்றான் மகன், மனமில்லாமல்.

பெரியவர் கறுப்பு வண்டியின் பானெட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. நல்லது. பச்சை இன்ஜின்தான் பொய் சொல்லாது. "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. தம்பி, குறிப்பா நீ."

சத்தியம் வாயைப் பொத்திக் காட்டினார். மகன் சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் விளக்கு எரிந்து அணைந்தது. இன்ஜின் உறுமிப் பிடித்தது.

கிலுகிலுகிலு.

தகர டப்பாவில் சாவிக்கொத்தைப் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம். இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை. எண்ணெய் ஏறியதும் அடங்கிவிட்டது. பிறகு சீரான டீசல் முணுமுணுப்பு. இறங்கியிருந்த பின்பக்கம் காற்று நிரம்பி மெல்ல எழுந்து நின்றது.

"பாருங்க, எழுந்து நின்னு உங்களுக்கு மரியாதை பண்ணுது!" என்றார் சத்தியம். பொத்திய வாய் அதற்குமேல் தாங்கவில்லை.

அந்தக் கிலுகிலுப்பு வேறு யார் காதிலும் விழவில்லை. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின். தளர்ந்துவிட்டது. பணிமனையில் இந்தச் சத்தம் கேட்டால் அந்தப் பஸ்ஸை அன்றைக்கே ஓரங்கட்டிவிடுவார்கள். இந்த வண்டியில் செயின் இருப்பது இன்ஜினின் பின்புறம். மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே தூக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே செத்துவிடும். ஸ்டியரிங் கல்லாகும். பிரேக் மரக்கட்டையாகும். அதுவும் இறக்கத்தில் என்றால்...

"என்னப்பா, எப்படி இருக்கு?"

பெரியவர் பின்னால் பார்த்தார். டிக்கி திறந்திருந்தது. அந்தக் காலி இடத்தில் பேத்தி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை மடக்கி வைத்து, பக்கத்தில் அவருடைய பெட்டியையும் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும்.

"ஒரு குறையும் இல்ல" என்றார். "கடிகாரம் மாதிரி ஓடுது."

சத்தியமே ஒரு கணம் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். "மாமா சொன்னா சரிதாங்க. அந்த வெடிச்சத்தம் கேட்டதுல இருந்து எனக்கும் வெள்ளை மேல மனசில்ல. மாமா காதுக்கு மேல என்ன இருக்கு?"

"சரி, அப்ப டீசலே எடுத்துடலாம்" என்றான் மகன்.

ஜெயித்துவிட்டார். அதற்குள் பேத்தி டிக்கியிலிருந்து குதித்து, பின் சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினாள்.

"தாத்தா! நான் இங்க! நீங்க முன்னாடி!"

பெரியவருக்கு அந்த மலைப்பாதை கண்முன் வந்து நின்றது. இறக்கம். திருப்பம். பின் சீட்டில் இந்தக் குழந்தை.

"குழந்தையை இறக்கு" என்றார்.

"என்ன மாமா?"

"இறக்கும்மா! இந்த வண்டி வேண்டாம். செயின் போயிட்டிருக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது கேட்டேன். இப்ப திரும்பப் போட்டா கேக்காது, எண்ணெய் ஏறிடுச்சு. ஆனா நான் கேட்டேன்."

"ஐயா, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறீங்களே!" என்று பதறினார் சத்தியம்.

"உன் பொண்டாட்டி பிள்ளைங்களை இதுல ஏத்திக்கிட்டு நீ மலை இறங்குவியா? சத்தியம் பண்ணு பாப்போம்."

சத்தியம் முதல்முறையாகச் சத்தியம் செய்யவில்லை. துணியை எடுத்து, சுத்தமாயிருந்த கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மருமகள் குழந்தையை இறக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகனின் முகம் சிவந்துவிட்டது.

"இப்ப சொல்றீங்க. அப்ப ஏன்பா நல்லா இருக்குன்னீங்க? விளையாட்டா இது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். எண்ணெய் சிந்திக் கறுத்த சிமெண்டுத் தரை.

"இதோட டிக்கியில சேர் வைக்க இடம் இருந்துச்சுடா."

கூரைக்குத் திரும்பி வந்த புறாக்கள் மட்டும் தகரத்தில் பிராண்டிக்கொண்டிருந்தன. மருமகள் மகளின் தலைமுடியைக் கோதத் தொடங்கினாள். கலையாத முடி அது. மகன் செல்போனை எடுத்து, திரையைப் பார்த்து, மறுபடி பைக்குள் போட்டான்.

கடைசியில் பெரியவரே பேச்சை எடுத்தார். குரலில் வலுக்கட்டாயமாகக் கொஞ்சம் தெம்பை வரவழைத்துக்கொண்டார்.

"சரி, விடு. வெள்ளையையே எடுங்க. அந்த வெடி ஒண்ணுமில்லம்மா, நான்தான் சும்மா உன்னைப் பயமுறுத்தினேன். பிளக்கும் ஒயரும் மாத்தினா போதும். இன்ஜின் தங்கமா இருக்கு. ரொம்ப வருஷம் உழைக்கும்."

"நிஜமாவா மாமா?"

"நிஜமா." பிறகு சத்தியத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். சக்கரம் கிறீச்சிட்டது. "தம்பி, ஒரு யோசனை. அந்த டேங்கை டிக்கியில இருந்து எடுத்துட்டு, வண்டிக்கு அடியில ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன டேங்கா போட முடியாது? நான் பாத்திருக்கேன். டிக்கி அப்படியே காலியாயிடும்ல?"

"அதெல்லாம் வேண்டாம்பா" என்று மகன் குறுக்கே பாய்ந்தான். "மண்பாதையில கல்லு இடிக்கும்."

"தகடு வச்சு மூடிட்டா என்ன? எப்படி தம்பி, முடியுமா முடியாதா?"

வியாபாரம் கைநழுவவில்லை என்ற நிம்மதியில் சத்தியத்தின் முகம் மலர்ந்தது. மகன் கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவே இல்லை.

"சத்தியமா முடியும் ஐயா! காலையில சார் வந்து ஓட்டிப் பாத்தப்பவே நான் சொன்னேனே, டேங்கைக் கீழே மாத்திட்டா பெரியவரோட நாற்காலி தாராளமா போகும்னு. சார்தான், 'அப்பா எங்ககூட வரல, டேங்க் அங்கேயே இருக்கட்டும்'னுட்டாரு."