அறுபத்து மூன்று நாட்கள் விழித்திருந்த கணினி

பதுளையில் ஒரு கணினியின் வயிற்றிலிருந்து அறுபத்து மூன்று நாட்களை ஒரே நிமிடத்தில் உருவி எடுத்தவன் நான்.

என் தங்கச்சி மகன் ஷப்ராஸ் போட்டோகொப்பி, இணையச் சேவை நடத்தும் கொமியூனிகேஷன் கடையில் இருப்பது ஒரே கணினி. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, மற்றக் கடைகள் பூட்டு. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தனுஜா தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்ப வந்திருந்தாள். விண்ணப்பம் ஏற்பது அன்று நான்கு மணியோடு முடிகிறது. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். கடைசிப் பக்கத்தில் திரை வெளுத்து நின்றது, மூன்றாவது தடவையாக. அவள் அழவில்லை. மரத்துப்போன காலைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. பென்ஷன் எடுத்த பிறகு இப்படித்தான், வாய் மட்டும் ஓடும்.

டாஸ்க் மெனேஜரைத் திறந்தேன். எட்டு ஜிபி நினைவகத்தில் தொண்ணூற்றாறு வீதம் நிறைந்திருந்தது. ஓடும் புரோகிராம்களைக் கூட்டினாலோ இரண்டரைதான். நான் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவன். துண்டுகளின் கூட்டு முழுக் காணிக்கு வராவிட்டால் எவனோ உள்ளே குந்தியிருக்கிறான். அப்படி ஆயிரம் பேரை எழுப்பியிருக்கிறேன். சரி, நாலு பேர்.

"கடைசியா எப்ப இத முழுசா நிப்பாட்டின?"

"ஒவ்வொரு நாளும், மாமா! ஷட் டவுன் பண்ணி, இடிக்குப் பயத்துல வயரையும் கழட்டிட்டுத்தான் போற."

"இது அறுவத்தி மூணு நாளா முழிச்சிட்டு ஈக்கி. இந்தா, 'அப் டைம்' எண்டு இதுவே சொல்லுது."

"வயர் இல்லாமலா?" ஷப்ராஸ் சிரித்தான். "பாருங்க தங்கச்சி, மாமா ஜின் பிடிக்கிறார்."

தனுஜா சிரிக்கவில்லை. மணி மூன்றேகால்.

ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ், காலையில் சீக்கிரம் எழும்ப, தன் அடித்தளத்தை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டுப் படுக்கும். வயரைக் கழற்றினாலும் அது அழியாது. ஏதோ ஒரு டிரைவர் மென்பொருள், அநேகமாக இணைய அட்டையினுடையது, பிடித்த இடத்தை விடாமல் நாளுக்கு நாள் சேர்த்திருந்தது. புரோகிராம் பட்டியலில் அதற்குப் பெயரில்லை. நினைவகப் பக்கத்தின் அடியில், நொன்பேஜ்ட் பூல் என்ற வரியில், டிரைவர்கள் பிடித்துவைக்கும் இடத்தில், ஐந்து ஜிபி.

"ரீஸ்டார்ட் குடு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்ல. இதுதான் எல்லாத்தையும் தொடைக்கும்."

"தங்கச்சி அடிச்சதெல்லாம் போயிடுமே, மாமா."

"போகட்டுங்க," என்றாள் தனுஜா. "திரும்ப அடிக்கிறேன்."

கணினி எழும்பியது. நினைவகத்தில் இப்போது இருபத்தெட்டு வீதம்தான். அவள் முதல் எழுத்திலிருந்து அடித்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பதிவு எண் வந்தது.

"அனுப்பியாச்சுங்களா?"

"அனுப்பியாச்சு."

அவள் மறுபடியும் அதையே கேட்டாள். பிரிண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஷப்ராஸ் டாஸ்க் மெனேஜரைத் திறந்து பார்த்தான்; விழித்திருந்த நேரம் இப்போது அரை மணி.

"நீங்க சொன்னது மெய்தான், மாமா," என்றான். "அவ்வளவு நாளும் உள்ளுக்குத்தான் இருந்திருக்கு."