கடைசி வண்டிக்கு முன்னால்

என் மகன் நல்லவன்தான். ஆனால் அவன் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருடக் கடைசியில் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டதைக் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் பிடித்துக்கொண்டான். நான் கடையை மூடிவிட வேண்டுமாம். அவன் ஊருக்கே வந்து அவன் வீட்டில் இருந்துவிட வேண்டுமாம். மருமகள் வேலைக்குப் போக வசதியாக இருக்குமாம், பேரப்பிள்ளைகளோடு நானும் நிம்மதியாகக் காலத்தை ஓட்டலாமாம். நிம்மதியாம் நிம்மதி. அந்த இரட்டை வால்களை அரை நாள் பார்த்துக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும்.

நான் துணி தேய்ப்பவள். பேருந்துப் பணிமனைக்கு எதிரே எனக்கு ஒரு சலவைக் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு நீள அறை, ஒரு மேசை, இரண்டு இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேல் கம்பியில் தொங்கும் ஊரார் சட்டைகள். அந்த அறைக்குள் நான் வைத்ததுதான் சட்டம். வானொலியில் என்ன ஓட வேண்டும், யாருக்குத் துணி நாளைக்கு, யாருக்கு அடுத்த வாரம், யாரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேச வேண்டும், எல்லாம் என் இஷ்டம். அதை விட்டுவிட்டு மகன் வீட்டு வரவேற்பறையில் போய், மருமகளிடம் கேட்டுக் கேட்டு ஜன்னலைத் திறக்கவா என்னால் முடியும்?

“உன்னால நிக்கவே முடியல. இன்னும் எத்தனை நாளைக்கும்மா இது?” என்றான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போய்விடும், மூளை பின்னால் வந்து சேரும். அன்று காலையில்தான் பல் டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, என் கடைக் கதவில் ஒரு விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அரை மாரத்தான், புதியவர்களும் வரலாம், நடக்கவும் செய்யலாம் என்று போட்டிருந்தது. அதுதான் என் வாயில் வந்தது.

“இருபத்தோரு கிலோமீட்டர் போய்க் காட்டுறேன்டா. முடிச்சுட்டா, கடையப் பத்தி இந்த வீட்ல ஒருத்தரும் பேசக் கூடாது. நடுவுல வண்டில ஏறிட்டேன்னா, அன்னைக்கே சாவிய உன் கையில குடுத்துடுறேன்.”

மகன் சிரித்துவிட்டு, சரி என்றான். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று வண்டியில் எழுதிப் போட்டிருப்பது வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பவர். ஒரு வார்த்தை, ‘அவளால முடியும்’ என்றோ, ‘உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்றோ, ஏதாவது சொல்லலாம் இல்லையா? ஒன்றும் இல்லை. அவரும் மகன் பக்கம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் விடியாததுமாகப் பூங்காவில் கூட வேண்டும். பெயர் கொடுத்த எங்கள் எல்லோருக்கும் பல் டாக்டரம்மாதான் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் நான் வாசல் கேட்டிலிருந்து முதல் பெஞ்சு வரை ஓடினேன். உயிர் தொண்டைக் குழிக்கு வந்துவிட்டது. அந்த பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்துப் பயந்து இடம் விட்டது. கொஞ்ச தூரம் ஓடு, கொஞ்ச தூரம் நட, திரும்ப ஓடு, இதுதான் முறை என்றார் டாக்டரம்மா. ஓடும்போது பக்கத்திலிருப்பவரிடம் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் வேகம் அதிகம் என்று அர்த்தம் என்றார்.

பேச்சுக்கா பஞ்சம்? அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என் கடையில் துணி போடுகிறவர்கள். யார் வீட்டுப் படுக்கை விரிப்பில் எத்தனை ஒட்டு, எந்தப் பெரிய மனிதருடைய உள்சட்டை சல்லடையாகிவிட்டது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. டாக்டரம்மா சொன்னாரே என்று நானும் ஓடிக்கொண்டே சொன்னேன். வங்கி மேலாளர் முதல் வாரத்திலேயே என்னைவிட்டு முன்னால் ஓட ஆரம்பித்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி இரண்டாவது வாரம். ஒரு மாதத்தில் எல்லோருடைய வேகமும் கூடிவிட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று டாக்டரம்மாவே சொன்னார். நான் மட்டும் கடைசியில், தனியாக, எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, பட்ட பாடு கொஞ்சமில்லை. கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. தொடை இரண்டும் உராய்ந்து உராய்ந்து, களிம்பைக் கிலோக் கணக்கில் பூசினேன். நாளெல்லாம் நிற்கிறவள்தானே, எனக்கென்ன என்று இருந்தேன். ஒரே இடத்தில் நிற்கிற காலுக்கு நடக்கவே தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் ஒரு நாள் காலையில் பூங்காவிலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய் எங்கேயும் உட்காராமல் திரும்பி வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். ‘அப்படியா’ என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலையில் இடி விழுந்தது. ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் கடைசியாக ஒரு வண்டி வரும். அது ஒரே சீரான வேகத்தில் வரும், யாரைத் தாண்டுகிறதோ அவர் ஏறிக்கொள்ள வேண்டும், அவர் கதை அதோடு முடிந்தது. அந்த வண்டியை ஓட்டப் பணிமனையிலிருந்து ஆள் கேட்டிருக்கிறார்கள். அத்தனை ஓட்டுநர்களில் பொறுக்கி எடுத்து என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டார்கள். மனிதர் நேரம் தவறாதவர் என்று அங்கே பெயர்.

அன்று சாப்பிடும்போது நானே கேட்டேன். உங்கள் வண்டிக்குச் சற்று முன்னால் நான் போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

“வண்டி நேரத்துக்குப் போகும். யாருக்காகவும் நிக்காது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுப்பேனா? பரிதாபப்பட்டு எனக்காக நிறுத்தினால் அன்றைக்கே வீட்டுக்கு வெளியில்தான் படுக்கை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அன்று நிஜமாகவே பயந்தேன். கடை கையைவிட்டுப் போகப் போகிறது, அதையும் கட்டின புருஷனே வண்டியில் ஏற்றி முடித்து வைக்கப் போகிறார் என்று தோன்றியது.

போட்டிக்கு முதல் நாள் சட்டையும் அதில் குத்திக்கொள்ள எண் அச்சடித்த ஒரு தாள் துணியும் கொடுத்தார்கள். அந்த எண் துணி நான்காக மடங்கிக் கசங்கிக் கிடந்தது. கசங்கியதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தண்ணீர் தெளித்து, முன்னும் பின்னும் நன்றாக அழுத்தி, கத்தி மாதிரித் தேய்த்து எடுத்தேன். மறுநாள் புறப்படும் இடத்தில் எல்லோரும் தாண்டும்போது இயந்திரம் ‘பீப் பீப்’ என்றது. எனக்கு மட்டும் ஊமையாகிவிட்டது. அங்கே இருந்த பையன் என் எண்ணைத் திருப்பிப் பார்த்தான். நேரத்தைக் கணக்குப் பண்ணும் ‘சிப்’ அதன் முதுகில்தான் ஒட்டியிருந்ததாம், கருகிச் சுருண்டு கிடந்தது. இதை என்ன செய்தீர்கள் என்று கேட்டான். தேய்த்தேன் என்றேன். இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். கடைசியில் அவர்கள் கூடிப் பேசி, இந்த அம்மாவுக்கு நேரம் வராது, கடைசி வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் முடித்ததாகக் கணக்கு, வண்டி தாண்டிவிட்டால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆக, என் தலையெழுத்து முழுக்க என் வீட்டுக்காரர் கையில் இருக்கும் ஸ்டீயரிங்கில் வந்து நின்றது.

புறப்பட்டோம். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுக்க முன்னால் போய் மறைந்தது. தெருவில் நானும், தண்ணீர்க் குவளைகளைப் பொறுக்குகிறவர்களும்தான். பாலம் தாண்டினேன், ஆஸ்பத்திரிச் சுவர் தாண்டினேன். பாதி தூரத்துக்கு மேல் பெரிய சாலை. வலது முட்டி வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்தது. அப்போதுதான் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

அந்த எஞ்சின் சத்தம் நெருங்க நெருங்கக் காலை இழுத்து இழுத்து ஓடினேன். சத்தம் முதுகுக்குக் கிட்டே வந்தது, நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பியது, நெருங்கியது, நின்றது. ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வண்டி சாலையோரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்குப் பின்னால் ஓட்டக்காரர் என்று ஒரு ஈ காக்காய் இல்லை. அப்படியென்றால் யாருக்காக நிற்கிறார்? எனக்குத்தான். பிச்சை போடுகிறார்.

வந்த கோபத்தில் முட்டி வலி பறந்துவிட்டது. ‘உங்க தயவு யாருக்கு வேணும்’ என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன். திட்டத் திட்ட வேகம் வந்தது, மூச்சும் வாங்கவில்லை. கடைசித் திருப்பம் வரை அவரையும், அவரைப் பெற்றவர்களையும், அவர் பணிமனையையும் விட்டுவைக்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். கீழே விழாமல் இருக்க அவர்கள் தோளையே பிடித்துக்கொண்டேன்.

மகன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தான். கடைசி வண்டி வர இன்னும் நேரமானது. வந்து நின்றது, கதவு திறந்தது, இறங்கினார்கள் ஜனங்கள். ஒரு நர்ஸம்மா. கையில் பூந்தொட்டியோடு ஒரு பெரியவர். பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம். ஒருவர் காலிலும் ஓட்டக் காலணி இல்லை. மேலே கடிகாரம் போட்டி முடியும் நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மகன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அம்மா, அப்பா வண்டியே லேட்டு. உனக்காக அங்கங்க நின்னு வந்திருக்காரு. இது செல்லாதும்மா” என்றான்.

பதக்கத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வண்டிக்குப் போனேன். எனக்காக நின்றீர்களா இல்லையா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவர் புரியாமல் விழித்தார். ஸ்டாப்பிங் வந்தது, ஆட்கள் கை காட்டினார்கள், நிறுத்தினேன் என்றார். அது அவர் வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டிய சாலை. போட்டிக்காகப் பேருந்துகளை நிறுத்தி வைத்திருந்ததால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனம் தவம் கிடந்திருக்கிறது. தெரிந்த ஓட்டுநரைப் பார்த்ததும் கையைத் தூக்கியிருக்கிறார்கள். இவருடைய காலும் தன்னால் பிரேக்கை அழுத்தியிருக்கிறது, கையும் தன்னால் கதவைத் திறந்திருக்கிறது. ஒரு நிறுத்தத்தைக்கூட இந்த மனிதர் விட்டுவைக்கவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் அப்போதுதான் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ ஏன் இன்னும் வீட்டுக்குப் போகாம இங்க நிக்கற?”

“இப்பத்தாங்க ஓடி முடிச்சேன்.”

“இப்பவா? எனக்கு முன்னாடி ஒரு பொம்பள காலை இழுத்துக்கிட்டே போனாளே, யாரோ பாவம்னு நெனச்சேன். அது நீயா?”

“முப்பது வருஷமா பாக்கற முதுகு. அதுகூடவா தெரியல?”

“நீ அவ்ளோ பின்னாடி இருப்பேன்னு நான் எப்படி நெனப்பேன்? நீ எப்பவோ முடிச்சிருப்பேன்னுதான் நெனச்சேன்” என்றார்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லத் தெரிந்திருந்தால் எங்கள் குடித்தனம் இன்னும் சுலபமாக ஓடியிருக்கும். இத்தனை மாதமும் மகன் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், நான் எல்லோரோடும் சேர்ந்து முன்னால் போய் முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக ஊர் ஜனத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதை ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்? எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை அந்த எண் துணியில் துடைத்துக்கொண்டேன்.

பிறகு மகன் பக்கம் திரும்பினேன்.

“செல்லாதுன்னா விடுடா. நான் வண்டிலயும் ஏறல. அதனால அடுத்த வருஷம் மறுபடியும் ஓடுறேன். அது வரைக்கும் கடை திறந்துதான் இருக்கும்.”

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர், அது சரிதானே என்று தலையாட்டிவிட்டு, பெட்டி படுக்கைக் குடும்பத்துக்கு ரயில் நிலையத்துக்கு வழி சொல்லப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தேன். நிற்கத்தான் முடியவில்லை. நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டேதான் அன்றைக்கு எல்லாத் துணியையும் தேய்த்தேன். அதை என் மகனிடம் போய் யாரும் சொல்லிவிடாதீர்கள்.