இரண்டு விசில்

"மேடம், நீங்க பஸ்ல இருந்தா பேசறீங்க?" என்று அந்த வாடிக்கையாளர் கேட்டார். அவருடைய வாஷிங் மெஷின் துணி பிழியும்போது இடத்தைவிட்டு நகர்ந்துபோய்க் குளியலறைக் கதவை அடைத்துக்கொள்கிறதாம். வீட்டிலிருந்தே கம்பெனியின் புகார் அழைப்புகளை எடுக்கும் அவள் அதற்கு ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மாடியில் விசில் ஊதியது. "இல்ல சார், வெளிய டிராஃபிக்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, மெஷினின் காலடியில் இருக்கும் திருகுகளைப் பற்றி மேற்கொண்டு சொன்னாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே நீள விசில். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊதியது அப்பா. வேலை பார்த்த காலம் முழுவதும் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்கினவர்களையெல்லாம் உள்ளே இழுத்த குரல், இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. குளியலறையை ஒட்டிய அறை மாடியில்தான் இருந்தது என்பதால் கட்டில் அங்கே. சமையலறையும் அவளுடைய வேலை மேசையும் கீழே. கத்தினால் கேட்காது என்று ஆனதும் அலமாரியிலிருந்து பழைய விசிலை எடுத்துத் தரச் சொன்னார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், அதாவது அவள் மேலே வர வேண்டும். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். அவள் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் வைத்துவிட்டுப் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு விசிலும் கேட்கும். நாற்பத்தைந்து வயதில், கல்யாணம் என்று ஒன்று நடந்து அது முடிந்தும் போன பிறகு, இப்படி ஒரு பஸ்ஸாக ஓடிக்கொண்டிருப்போம் என்று அவள் நினைத்ததில்லை.

அன்று மாலையே மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன, அவற்றில் சிலவற்றை அவர்கள் கேட்டுப் பார்ப்பார்கள். "பின்னாடி விசில் சத்தம் வருதும்மா. இன்னொரு தடவை வந்தா வீட்ல இருந்து வேலை பாக்கறது கிடையாது, நீங்க ஆபீசுக்கே வந்துடுங்க." கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே யாரோ இருப்பார்கள். ஆனால் ஆபீசுக்குப் போனால் பகல் முழுக்க அப்பா தனியாக இருக்க வேண்டும். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வீடியோவில் வந்து சொன்னான். யோசனை விஷயத்தில் அவன் என்றைக்குமே தாராளம்.

செல்போன் கொடுத்துப் பார்த்திருந்தாள். கண்ணாடியைத் தடவுகிற போன் அப்பாவின் தடித்த விரலுக்கு அடங்கவில்லை. அவளைக் கூப்பிடுவதாக நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டு, "பாப்பா, ஜன்னல சாத்து" என்று சொல்லியிருக்கிறார். வந்தவன் பாவம், மழைக்காலம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனான்.

அப்போதுதான் ஆபீசில் மேசைபோன்களையெல்லாம் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய பொத்தான்கள் வைத்த, இணையம் வழியாகப் பேசும் போன்கள். இரண்டைக் கேட்டு வாங்கி வந்தாள். நெட்வொர்க் பார்க்கிறவர், "ஆபீஸ் போனையெல்லாம் இணைக்கிற எக்ஸ்சேஞ்சே ஓசி மென்பொருள்தான்க்கா. யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு வெச்சிருக்காங்க. ஒரு பழைய லேப்டாப் இருந்தா வீட்லயே ஓட்டலாம்" என்றார். திரை உடைந்த லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. அதை மாடிப்படிக்குக் கீழே ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஷிப்ட் முடிந்த களைப்போடு ஒவ்வொரு மாலையும் அதன்முன் உட்கார்ந்தாள். அந்த மென்பொருளை எழுதிய மகராசர்கள், படிக்கிறவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையில் குறிப்புகளை எழுதியிருந்தார்கள். ஒரு கமா விட்டுப்போனால் முழு எக்ஸ்சேஞ்சும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லாம் ஓடத் தொடங்கிய மறுநாள் மின்சாரம் போய் வந்தது. ரூட்டர் லேப்டாப்புக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிட, இரண்டு போன்களும் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. முகவரி மாறாமல் கட்டிப்போட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

"இதுக்கு ஒரு மணிய வாங்கிக் கயித்துல கட்டியிருக்கலாம்" என்றார் அப்பா. ஆனால் அவருக்கு எண் பத்து, அவளுக்குப் பதினொன்று என்றதும், "பத்தாம் நம்பர் பஸ்ஸா? நல்ல ரூட்டாச்சே" என்று முகம் மலர்ந்தார். கீழேயிருந்து அவள் பேச, அவர் மேலே ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்து, "நான் அமுக்கினா உனக்குக் கேக்குதா?" என்றார். பீப் என்று கேட்டது. இன்னொன்றையும் அழுத்தி, "ரைட்" என்றார். கண்டக்டருக்குப் புது விசில் கிடைத்த சந்தோஷம். அவர் சிரித்த சிரிப்பு முதலில் மாடிப்படி வழியாகவும், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கழித்து போன் வழியாகவும் அவளுக்குக் கேட்டது. லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றிவர அந்த நேரம் பிடிக்கிறது. அன்று அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விசில் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டு ஓய்வுபெற்றது. பதிலுக்கு போன் வந்தது, வந்துகொண்டே இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு விளக்கு மட்டும் மினுக்கும்படி வைத்திருந்தாள். தண்ணி வேணும். ஜன்னலைத் திற. இப்ப மூடு. கீழ யாரு வந்தது? கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சே, என்ன அது? வாடிக்கையாளரோடு பேசும்போது எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். விழுந்துவிட்டாரோ என்று காது மாடிப்படிப் பக்கமே போகும். எடுத்தால், நாள் முழுக்க ஊரார் வாஷிங் மெஷினிடம் இனிமையாகப் பேசிப் பேசித் தீர்ந்துபோன குரலில், "என்னப்பா?" என்றுதான் வரும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கியெழுந்து காபி குடித்த பிறகு, அவள் தன் குரலைப் பதிவு செய்தாள். சிரித்துக்கொண்டே பேசினால் குரலில் சிரிப்பு தெரியும் என்று வேலையில் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி, "சொல்லுங்கப்பா. நான் கேட்டுட்டுதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல மேல வரேன்" என்றாள். திரும்பத் திரும்பப் பேசி, இருப்பதிலேயே இதமாக வந்ததைத் தேர்ந்தெடுத்தாள். நான்கு முறை விளக்கு மினுக்கியும் எடுக்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச் இந்தக் குரலை ஓட்டும், ஒரு பீப் அடிக்கும், அப்பா சொல்வதை இரண்டு நிமிடம் வரை பதிந்துகொண்டு துண்டிக்கும். ஏமாற்று என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் இதே காரியத்தை ஊரிலுள்ள எல்லாக் கம்பெனிகளும் வெட்கமில்லாமல் செய்கின்றன.

முதலில் வாடிக்கையாளர் பேசும்போது மட்டும் என்றுதான் வைத்துக்கொண்டாள். உடனுக்குடன் பதிவைக் கேட்டு மேலே ஓடினாள். அப்புறம் சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், மேசையில் தலைசாய்த்துக் கண்ணை மூடியிருக்கும்போதும், இமைக்கு வெளியே விளக்கு மினுக்குவது தெரிந்தும், குரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டாள். பதிவுகளைக் கேட்பதும் நின்றது. வேளாவேளைக்கு மேலே போய் எல்லாம் செய்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வரலை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே பல வாரம் ஆயிற்று.

ஒரு பிற்பகல் கம்பெனியின் கணினிகள் படுத்துவிட்டன. வேலை இல்லை. விளக்கு மினுக்கியது, இரண்டாவது மினுக்கலிலேயே எடுத்து, "என்னப்பா?" என்றாள்.

"நீயா? ஒண்ணும் இல்ல, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

உடனே மறுபடி மினுக்கியது. இந்த முறை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நான்கு மினுக்கலோடு விளக்கு அணைந்தது. மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். மேலே அப்பா பேசிக்கொண்டிருந்தார். அவசரமில்லாத, கதை சொல்கிற குரல். அவளிடம் அப்படிப் பேசி எத்தனையோ காலமாகிறது. இரண்டு நிமிடத்தில் துண்டிக்கப்பட்டதும், அவர் சலிக்காமல் திரும்பவும் பொத்தானை அழுத்தி, காத்திருந்து, "எங்க விட்டேன்?" என்று தொடர்ந்தார். தொடர்ந்து தொடர்ந்து அழைத்துத் தொல்லை செய்கிறார் என்று அவள் நினைத்ததெல்லாம் இதுதான்.

அவள் மேலே போனாள்.

"அது நான் இல்லப்பா. ரெக்கார்ட் பண்ணி வெச்சது."

"தெரியுது. எனக்கு இடுப்புதான உடைஞ்சுது."

"அப்புறம் எதுக்கு அதுகிட்டப் பேசறீங்க?"

அப்பா ரிசீவரின் சுருள் கம்பியை விரலில் சுற்றி அவிழ்த்தார். "உன்னக் கூப்பிடணும்னா ஒரு காரணம் யோசிச்சு வெச்சுக்கணும் பாப்பா. தண்ணி, ஜன்னல், மாத்திரன்னு. அவளுக்குக் காரணம் வேண்டாம். சொல்லுங்கப்பாங்கறா, சொல்றேன்."

"நாள் பூரா பேசறேன்ப்பா. வாய் வலிக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். நீ ரெஸ்ட் எடு. எனக்கு அவ போதும்."

குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் உண்மையாகவே அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் பழக்கமாக நின்றாள். இரண்டு விசில் வரவில்லை, விசில்தான் ஓய்வுபெற்றுவிட்டதே. டம்ளரைக் கழுவும்போது அழுகை வந்தது. சொந்தக் குரலோடு சக்களத்திச் சண்டை போடும்படி ஆகிவிட்டது.

அடுத்த நாள் ஷிப்ட் முழுக்க நெஞ்சில் அது கிடந்து அறுத்தது. எக்ஸ்சேஞ்சில் அந்தக் குரலை ஓட்டும் கட்டளையை அழித்துவிடலாம்; ஒரு வரிதான். அழித்தால் அவருக்கு இருக்கிற ஒரு துணையும் போகும். அந்த இடத்தில் போய் உட்கார அவளால் முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. கடைசி வாடிக்கையாளரை வழியனுப்பி ஹெட்செட்டைக் கழற்றியபோது காதுமடல்கள் எரிந்தன. விளக்கு மினுக்கத் தொடங்கியது.

அவள் ரிசீவரில் கை வைத்துக் காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மினுக்கலின் முடிவில், எக்ஸ்சேஞ்ச் முந்திக்கொள்வதற்குள் எடுத்து, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லுங்கப்பா. நான் கேட்டுட்டுதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல மேல வரேன்." பீப் அடிக்க வேண்டுமே என்று அப்புறம்தான் நினைவு வந்தது. ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்தினாள். பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"ம்... எங்க விட்டேன்?" என்றார் அப்பா. "அந்த டிரைவரு. கடைசி ட்ரிப்பு முடிஞ்சு எல்லாரும் எறங்கிடுவாங்க. டெப்போல வண்டிய விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் வெறும் பஸ்ல சும்மா உக்காந்திருப்போம். பேசிக்க மாட்டோம். நாள் பூரா கத்தி வாய் வலிக்கும் பாரு. வீட்டுக்குப் போனா பாப்பா ஓடி வருவா. என்னமோ கேக்கணும்னு வாயத் தொறப்பா. நான் என்னன்னு ஒரு அதட்டு. அவ்வளவுதான், அப்படியே போயிடுவா. என்ன கேக்க வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவளுக்கும் தெரியாது. அந்தக் குழந்தை என்ன கேட்க வந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட தோல் பையும், அதற்குள் குலுங்கும் சில்லறைச் சத்தமும்தான் நினைவிருந்தது.

அப்பா டிரைவரின் மகள் கல்யாணத்துக்குப் போய், பிறகு ஒரு பிரேக் கோளாறுக்கு வந்து, பாதி வாக்கியத்தில் நின்றார். இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. துண்டிப்புக்காக அவர் காத்திருப்பது தெரிந்தது.

"இன்னும் கட் ஆகலியே" என்றார், மெதுவாக.

அவள் எதையாவது பேசிவிட்டால் அவர் தண்ணீர் கேட்பார், ஜன்னலைச் சாத்தச் சொல்வார். கையை எடுக்காமல், இன்னொரு கையின் விரலால் பொத்தானை அழுத்தினாள். ஒரு பீப். இன்னொரு பீப்.

மேலே கட்டில் கிரீச்சிட்டது, வசதியாகச் சாய்ந்து உட்காருகிறவரின் பாரத்தில். முதலில் கூரை வழியாக, அப்புறம் அவள் காதுக்குள்.