புற்று பாடிய நூற்றுப்பதினான்கு

1949 மார்ச் எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, கல்லடிவிளை ஆலயத்துக்குப் பின்னால் இருந்த கறையான் புற்று பாடியது. கட்டைக் குரல், சுதி சரியாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆலயத்துப் பழைய பெட்டியைத் திறந்திருந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரெஸ்பிட்டேரியன் துரை ஒருவர், எண்பது வருஷத்துக்கு முன், பைபிளின் சங்கீதங்களைத் தமிழ்ப் பாட்டாக்கி, ஊர்க்காரர்கள் கட்டிய பாட்டுகளையும் சேர்த்துக் கையால் எழுதிய புத்தகம் அதில் இருந்தது. நூற்றுப்பதினான்கு பாட்டு. வேறு படி கிடையாது. நாற்பத்தேழில் சபைகள் ஒன்றாகிப் புது அச்சுப் புத்தகம் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. இப்போது கறையான் தின்றது போகப் பெட்டியில் இரண்டு தோல் அட்டையும் ஒரு படி மண்ணும் கிடந்தன.

படியெடுக்க வந்தவன் பள்ளிக்கூட வாத்தியார் குமாரதாஸ், பி.ஏ. மனைவி விக்டோரியா காய்ச்சலில் இறந்து பதினொரு மாதம். அதுவரை ஆலயத்தில் முதல் குரல் அவனுடையது. பிறகு உதடு அசைத்ததில்லை. இந்த வேலையை அவனே கேட்டு வாங்கினான். எழுதுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. புற்று பாடியதும் நோட்டோடு அதன் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தான்.

'பள்ளத்தில் கிடந்தேனைப் பார்த்தவரே' என்றது புற்று. எழுதினான். அடுத்த அடி வரவில்லை. இரண்டு மாதமாக அந்த ஒரே அடிதான்.

காரணம் ஆலயம் பெருக்கும் செல்லக்கனிக்குத் தெரிந்திருந்தது. "எழுத்தறியாத காலத்துப் பாட்டுல்லா இது, வாத்தியாரே? ஒருத்தர் ஒரு அடி பாடுவாரு, சபை திருப்பிப் பாடும், பெறவுதான் அடுத்த அடி. நீங்க வாயத் தெறக்காம இருந்தா, சும்மா பாடிட்டுக் கெடக்க அதுக்கென்ன கிறுக்கா?"

"நீங்க பாடுங்க."

பாடினாள். புற்று அதே அடியை மெதுவாக, திருத்துவதுபோல, மறுபடி பாடியது. சபை மூப்பர்களுக்கும் அதே மரியாதைதான். அந்த ராகத்தைப் பிடிக்கும் தொண்டை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது மூடிக் கிடந்தது.

புற்று என்பதால் தினமும் பால் ஊற்றிவந்த பக்கத்து வயல்காரர் நாராயணபெருமாள் மே கடைசியில் வானத்தைப் பார்த்தார். "முதல் மழைக்கு ஈசல் கெளம்பிரும்வே. பாட்டெல்லாம் சிறகு மொளச்சுப் போயிரும். அந்த ஒத்த அடிய வச்சு ஏத்தமா எறைக்கப் போறீரு?"

குமாரதாஸ் நோட்டை மூடினான். வாயைத் திறந்தான். முதலில் இருமல் வந்தது, அடுத்து ஒரு கறையான், அதன் பிறகு குரல்.

'பாறைமேல் என் காலைப் பதித்தவரே' என்றது புற்று, மூச்சுகூட விடாமல்.

நான்கு நாள் பாடினார்கள். அவன் பாடிக்கொண்டே எழுதினான், அழுதுகொண்டே சிரித்தான், செல்லக்கனி கொடுத்த கஞ்சியை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தான். பக்கத்து ஊரான மயிலாடியின் கல்தச்சர்கள் அந்தத் தாளத்துக்கு உளி அடித்ததில் ஒரு நந்தி ஒன்பது நாள் முன்னதாகவே முடிந்தது. நூற்றுப்பதினான்காவது பாட்டு முடிந்த மாலையில் மழை பிடித்தது. ஈசல்கள் வெறும் சிறகுச் சத்தத்தோடு பறந்து போயின.

ஐம்பத்தொன்றில் புத்தகம் அச்சாகி வந்தது. ஐம்பத்தாறு நவம்பரில், கன்னியாகுமரி தனி மாவட்டமானதற்கு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். குமாரதாஸ் முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். சபையும் புற்றும் திருப்பிப் பாடின. புற்று எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். அது முடிக்கும்வரை எல்லோரும் நின்று, பிறகு அடுத்த அடிக்குப் போனார்கள்.