வியாழக்கிழமை லீவு

ஏழாவது முறையும் அப்பாவின் எண்ணுக்கு மணி அடித்து ஓய்ந்ததும் அவள் தள்ளுவண்டியைத் தூணோரமாக நகர்த்தினாள். இரண்டு பெரிய பெட்டிகள், மேலே ஒரு கைப்பை. விமானம் ஆறரைக்கே இறங்கிவிட்டது. இப்போது எட்டாகப் போகிறது. முதல் அரைமணி நேரம் அவள் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். அப்பா எங்காவது ஒளிந்திருப்பார், திடீரென்று பின்னால் வந்து, "போர்ட்டர் வேணுமா மேடம்?" என்பார். செய்யக்கூடிய ஆள்தான்.

அம்மாவைக் கூப்பிட முடியாது. அம்மாவைப் பொறுத்தவரை அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. வருவது அடுத்த திங்கட்கிழமை. வெளிநாட்டுக் கல்லூரியில் ஐந்து மாதப் படிப்பு முடிந்து வியாழக்கிழமையே வந்து இறங்குகிறாள் என்பது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கதவைத் திறக்கும்போது உங்கம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், அது போதும் எனக்கு என்று அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாவது முறை போனை எடுத்தது மாமா, அம்மாவின் தம்பி.

"சொல்லு பாப்பா." குரல் கம்மியிருந்தது.

"அப்பா எங்க மாமா?"

"அப்பா குளிக்கிறாரு. நீ படி கண்ணு. அப்புறம் பேசச் சொல்றேன்."

பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வண்டி பத்து மணிக்குச் சரியாக வந்துவிடுமா என்று யாரோ விசாரித்தார்கள்.

"மாமா, நான் ஏர்போர்ட்ல நிக்கிறேன்."

நாற்காலிச் சத்தம் தூரமானது; மாமா வெளியே வந்திருக்க வேண்டும்.

"உடனே ஒரு டாக்சி பிடிச்சு வா. பெட்டி தாமதமாகும்னா அங்கேயே போட்டுட்டு வா."

ஒரு கிழிந்த பையைக்கூட யோசித்துத் தூக்கிப்போடும் குடும்பம் அது. பெட்டியைப் போட்டுவிட்டு வா என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மீதியை, அவள் டாக்சியில் வரும்போது, மாமா போனில் சொன்னார். அப்பா லிப்ட் மெக்கானிக். நேற்று மதியம் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் வேலையை முடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பரீட்சை முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். காலையில் அவள் பெயர் போனில் மின்னிய ஒவ்வொரு முறையும் மாமா அதைக் கவிழ்த்து வைத்தாராம்.

அவள் 'சரி மாமா' என்றாள். பிறகும் ஒரு முறை 'சரி' என்றாள். சன்னலுக்கு வெளியே கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

நேற்றுத்தான் அழுது தீர்த்திருந்தாள். அங்கே அவளோடு சேர்த்து நான்கு மாணவிகள் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஊருக்குக் கிளம்புகிறவள்தான் கடைசியாக எல்லாருடைய பாத்திரத்தையும் கழுவ வேண்டும் என்பது அந்தச் சமையலறையின் சட்டம். மற்ற மூவரும் துண்டை வைத்துக்கொண்டு வரிசையாக நின்று துடைப்பார்கள். முதல் தட்டு கைமாறும்போதே யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்ச, நான்கு பேரும் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்கள். மூவரில் வாயாடி என்று பெயரெடுத்தவள் ஒரு கரண்டியைப் பத்து நிமிடம் துடைத்தாள். இவளோ பேருந்து நிறுத்தத்தில் அழுதாள், பேருந்தில் அழுதாள், விமானத்தில் பணிப்பெண் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்கும் அளவுக்கு அழுதாள். ஐந்து மாதம் பழகியவர்களுக்காக.

அந்த நேரத்தில்தான் அப்பா தண்ணீர் கேட்டிருப்பாரோ என்று கணக்குப் போடத் தொடங்கி, நேர வித்தியாசம் குழம்பி, பாதியில் விட்டுவிட்டாள்.

வீட்டை அடைந்தபோது ஒன்பதே கால். கூடத்தில் அப்பா படுத்திருந்தார். அவர் முகத்தைவிடக் கையைத்தான் அவள் பார்த்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத நகக்கண் கிரீஸ் கறையை யாரோ சுத்தமாக எடுத்திருந்தார்கள். வேறு யாருடைய கையோ போலிருந்தது.

பெரியம்மா அவள் முகத்தை ஏந்திக் கூட்டத்துக்குக் காட்டினாள். "கண்ணைப் பாருங்க, எப்படி வீங்கிக் கிடக்குன்னு. வழியெல்லாம் அழுதுட்டே வந்திருக்கு பிள்ளை."

நான்கைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள். இது அந்த அழுகை இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். மகள் பதில் தேடுவதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டுமா என்றாள். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

பத்துக்கு வண்டி வந்தது. பத்தேகாலுக்குக் கூடம் காலியாகிவிட்டது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் குளித்து, டீ குடித்து, ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கிய பிறகு அம்மா அவளைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"உங்கப்பா இன்னிக்கு லீவு போட்டிருந்தாரு, தெரியுமா?"

அம்மா தானே தொடர்ந்தாள்.

"திங்கக்கிழமை அவர்கூட வேலை பார்க்கிறவரு போன் பண்ணாரு. வியாழக்கிழமை லீவுன்னாரே, ஷிப்ட்டை நான் பார்த்துக்கிறேன்னு சொல்லுங்கன்னாரு. எனக்கு லீவுன்னே தெரியாது. கேட்டா, சொந்த வேலைன்னு சிரிக்கிறாரு. இருபத்திரெண்டு வருஷத்துல எனக்குத் தெரியாம என்னடி சொந்த வேலை அவருக்கு?"

அம்மாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். "நான் பேசலை. ரெண்டு நாள். நேத்துக் காலைல டீயை டக்குனு மேஜையில வச்சுட்டு உள்ள வந்துட்டேன். போயிட்டு வர்றேன்னு வாசல்லேர்ந்து சொன்னாரு. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். இன்னொரு தடவை சொன்னாரு. அப்பவும் வாயைத் திறக்கலை."

மகள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம். மாமா போன் செய்தார், கிடைத்த விமானத்தில் வந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு அம்மா நம்பிவிடுவாள். ஆனால் அந்தச் சொந்த வேலை என்னவாக இருக்கும் என்று சட்டைப் பைகளிலும் மேஜை இழுப்பறையிலும் காலம் முழுக்கத் தேடுவாள். சொன்னாலோ, அம்மாவின் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். வாய் திறக்காமல் இருந்த அந்த இரண்டு நாள் மட்டும் அப்படியே நிற்கும்.

"என்னைக் கூப்பிட வர்றதுக்குத்தான்மா லீவு. திங்கக்கிழமைன்னு உன்கிட்ட பொய் சொன்னோம். நான் இன்னிக்குத்தான் வர்றதா இருந்துச்சு. உன்னை ஆச்சரியப்படுத்தணும்னு."

வெளியே யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பிளைட் எத்தனை மணிக்கு இறங்குச்சு?"

"ஆறரைக்கு."

"அப்ப நாலரைக்கே எழுந்திருப்பாரு."

"நாலுக்கு அலாரம் வைக்கிறேன்னாரு."

"அலாரம் அடிச்சா நான் முழிச்சுக்குவேனே. என்ன சொல்லிட்டுக் கிளம்புறதா இருந்தாராம்?"

"லிப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு."

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நம்பியிருப்பேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பேச மாட்டேன்னு இருந்தாலும், பார்த்துப் போங்கன்னு சொல்லியிருப்பேன்," என்றாள்.

கதவு தட்டப்பட்டது. மாமா தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கையில் அப்பாவின் கார் சாவி. பெரியம்மா வீட்டாரைக் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

"அக்கா, கார்ல பின் சீட்டு ரெண்டையும் மடிச்சு, மேல போர்வை விரிச்சு வச்சிருக்காரு அத்தான். என்னத்த ஏத்துறதுக்குன்னு தெரியலை. எடுத்துட்டுச் சீட்டை நிமிர்த்திடவா?"

"எந்தப் போர்வை?"

"நீலக் கட்டம் போட்டது."

"அதைத்தான் ரெண்டு நாளா தேடிட்டு இருந்தேன்," என்றாள் அம்மா.

மாமா புரியாமல் மகளைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும். நீ வேற வண்டி பிடிச்சு அவங்களை அனுப்பிடு."

மாமா போனபின் அம்மா எழுந்து சன்னல் திரையை ஓரமாக விலக்கினாள். கார் மதில் நிழலில் நின்றது. நான்கு சக்கரங்களையும் அப்பா புதிதுபோலக் கழுவி வைத்திருந்தார். அவற்றின் அடியில் தரை மட்டும் இன்னும் ஈரமாக இருப்பதுபோல் கறுத்திருந்தது.