சிலந்தி வைத்த வாசல்

கோமதிக்குத் தன் வேலையைப் பற்றி எந்தச் சந்தேகமும் கிடையாது. சந்தேகமெல்லாம் வாடிக்கையாளர்களைப் பற்றித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காட்டைக் கொண்டுவந்து வைத்து, அதில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு டரான்டுலாச் சிலந்தியைக் குடியேற்ற அவளால் முடியும். அந்தப் பெட்டியை வெயில் விழும் சன்னலோரம் வைக்காதீர்கள் என்று ஒரு மனிதருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கிள்ளானில் ஒரு சீனர் நடத்திய மீன்தொட்டிக் கடையின் பின்மூலையில் மேசை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்துவந்தாள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிலந்தி வளர்க்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஆனால் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அவளைத் தேடித்தான் வந்தார்கள். வந்தவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பிடி தேங்காய் நாரைப் போட்டு அந்த ஜீவனை அடைத்துக் கொண்டுவருவார்கள். முதலில் ஒரு மூச்சு திட்டு வாங்கிக்கொண்டு, பிறகுதான் விலை கேட்பார்கள்.

ஆனாலும் மூலை என்பது மூலைதான். மீன் வாங்குகிறவர்கள் பையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் மேசையை உரசிக்கொண்டு போவார்கள். வாசல் பலகையில் தங்கமீன் படம் இருந்தது, அவள் பெயர் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடிக்க நடக்கும்போது, அங்கே ஸ்காட் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கடையைத் தினமும் பார்ப்பாள். இரும்புக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, எந்தச் சுவரில் எந்தப் பெட்டி, எங்கே செடித் தட்டு என்று மனதுக்குள் அடுக்கி முடித்துவிட்டுத்தான் ரயிலேறுவாள். கேட்டுப் பார்த்ததில் அது கிள்ளான் அடைக்கப்பன் செட்டியார் வீட்டுச் சொத்து என்று தெரிந்தது. வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆள் விட்டுக் கேட்டாள். பார்க்கலாம் என்ற பதிலோடு ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த அடைக்கப்பனே ஒருநாள் மீன்தொட்டிக் கடைக்குள் வந்து நின்றார். கட்டுமானச் சாமான் வியாபாரி. புக்கிட் ராஜா பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்தார். அவருடைய மகன் ராமு ஒரு கறுப்பு டரான்டுலாவை ஆசையாக வாங்கி, ஆசை தீர்வதற்குள் மெல்போர்னுக்குப் படிக்கப் போய்விட்டான். இப்போது அதற்கு இடுக்கியால் வெட்டுக்கிளி கொடுத்துக் கவனித்துக்கொள்வது அவன் அம்மா நாகம்மை ஆச்சி. புது வீட்டுப் பளிங்குத் தரையில் அந்த டப்பா பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த மாதம் தமக்கு அறுபதாம் கல்யாணம், சொந்தபந்தமெல்லாம் வரும், வருகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றார். கடை கேட்ட கோமதி இவள்தான் என்று தெரிந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்டிய நல்லபடியா செஞ்சு குடும்மா. கடையப் பத்தி அப்புறம் உக்காந்து பேசலாம்."

அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்தாலே பாதிக் கடை கைக்கு வந்த மாதிரி என்று கிள்ளானில் எல்லோருக்கும் தெரியும். கோமதி அன்று மதியம் சாப்பிடவே மறந்துபோனாள்.

அடைக்கப்பனுக்கு மனையடி சாத்திரம்தான் உயிர். வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் திசை பார்ப்பார். பெட்டியின் நீளம் மூன்றடி என்று கோமதி சொன்னதும் முகம் சுளித்தார். சாத்திரத்தில் மூன்றடி வீட்டுக்குப் பலன் சொல்லவே இல்லையாம். யார் சொல்வார்கள், மூன்றடியில் எந்த மனிதன் குடியிருக்கப் போகிறான்? கடைசியில் அங்குலத்தையே அடியாக வைத்துக்கொள்வது என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லி, ஓர் அங்குலம் கூட்டச் சொன்னார். கூட்டினாள். உள்ளே துளசி வை என்றார். துளசிக்கு வெயில் வேண்டும், சிலந்திக்கு நிழல் வேண்டும், இரண்டில் ஒன்று சாகும் என்று சொல்லி அதை மட்டும் தட்டிக்கழித்தாள். ஒன்றில் அவர் அசையவே இல்லை. பொந்தின் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். பொந்து எந்தப் பக்கம் பார்த்தால் தனக்கென்ன என்று கோமதியும் சரி என்றுவிட்டாள்.

அடுத்த வாரங்களில் அவள் செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். அடியில் செங்கல் சல்லி, அதன்மேல் கொசுவலைத் துணி, அதன்மேல் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து கொண்டுவந்த களிமண்ணும் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, கை வலிக்க வலிக்கக் குத்தி இறுக்கினாள். தோண்டினால் சரியாத மண்ணாக இருக்க வேண்டும். பெட்டியில் பாதிக்கு மேல் மண்ணே நிறைந்ததைப் பார்த்து, கண்ணாடிக்குக் காசு வாங்கிக்கொண்டு மண்ணைக் காட்டுகிறாயே என்றார் அடைக்கப்பன். உயரமாக இடம் விட்டால் சிலந்தி கண்ணாடியில் ஏறும், கனத்த வயிறு, விழுந்தால் வெடித்துவிடும் என்றாள். மண்ணை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். செடிகளை நர்சரியிலிருந்து நேராகக் கொண்டுவந்து நடுகிற ஆளில்லை அவள். பூச்சிமருந்து அடித்த இலை ஒன்று போதும், சிலந்தியின் கதை முடிய. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்து உடம்பில் தொற்றி வளரும் பெரணியும், அவளே பின்வாசலில் மாதக்கணக்காக வளர்த்துக் கழுவிவைத்திருந்த கொடியும்தான் உள்ளே போயின. பின்பக்கம் பாசி பிடித்த பட்டை, நடுவில் உளுத்துப் போகாத ஒரு ரப்பர் பால்மரக் கட்டை, மேலே காய்ந்த இலைச் சருகு. கட்டையின் அடியில் கிழக்குப் பார்த்து விரல் விட்டுத் துளைத்து, சிலந்திக்கு ஒரு தொடக்கம் வைத்தாள்.

பெட்டி கூடத்தில் ஏறிய அன்று பார்த்தவர்கள் அதை விட்டு நகரவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் தெற்குப் பக்கக் கண்ணாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். மழை விட்ட பிறகு தோட்டத்துக் காட்டுக்குள் குனிந்து பார்ப்பது மாதிரி இருந்தது. பெட்டியின் கிழக்கு முனை மட்டும் சமையலறைச் சுவரை ஒட்டி நின்றது. வாசல் வெறும் சுவரைத்தானே பார்க்கிறது என்று கோமதி கேட்டதற்கு, சுவரைப் பார்த்தாலும் கிழக்கு கிழக்குதான் என்று அடைக்கப்பன் முடித்துவிட்டார். நாகம்மை ஆச்சி முன்னால் வந்தாள். டப்பாவைச் சாய்த்துச் சிலந்தியை மெல்ல இறக்கிவிட்டாள். அது ஒவ்வொரு காலாக மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய்க் கிழக்குப் பொந்துக்குள் நுழைந்தது. ஆச்சி நெடுநேரம் அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கோமதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையிலேயே தொலைபேசி வந்தது. உடனே வா என்றார் அடைக்கப்பன். குரல் சரியாக இல்லை. கோமதி அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

பெட்டிக்குள் எல்லாமே தலைகீழாகியிருந்தது. பெரணியில் ஒன்று வேரோடு பெயர்ந்து கிடந்தது. அவள் அழகாகப் பரப்பிய சருகின்மேல் மண் குவியல். கிழக்குப் பொந்தைச் சிலந்தி மண்போட்டு அடைத்துவிட்டது. கட்டையின் இன்னொரு பக்கம், தெற்கே பார்த்துப் புதிதாக ஒரு வாசல் வைத்து, அதில் வெள்ளையாக நூல்திரை கட்டித் தொங்கவிட்டிருந்தது.

கோமதிக்கு முதலில் வந்தது சந்தோஷம். தெற்கு என்றால் கூடம். பார்க்கிறவர்களின் முகத்துக்கு நேரே வாசல். பெட்டி கூடத்தில் ஏறிய நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டும் கேட்க முடியாமல் போனதை அந்தச் சிலந்தியே செய்து முடித்திருந்தது. அப்புறம்தான் அடைக்கப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"யமன் திசையப் பாத்து வாசல் வச்சிருக்கும்மா. அதுவும் வெள்ளை கட்டி."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே பயந்திருந்தார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அறுபதைப் பார்க்காமல் போனவர்கள். தமக்கு அந்த வயது நெருங்குகிற நேரத்தில், தம் கூடத்திலேயே, தாம் காசு கொடுத்துச் செய்த பெட்டியில் இப்படி. சிலந்தியைத் தோண்டி எடுத்துப் பழைய பொந்திலேயே விட்டுவிடு, இல்லையென்றால் பெட்டியையாவது கிழக்கே திருப்பிவை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

தோண்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஒரு கரண்டியும் தூரிகையும் இருந்தால் போதும். ஸ்காட் ரோட்டுக் கடை கண்முன் வந்து நின்றது. அவள் கை பைக்குள் போய்க் கரண்டியைத் தொட்டதும் உண்மை. குனிந்து பார்த்தாள். புதுச் சுரங்கம் கண்ணாடியை ஒட்டியே இறங்கியது. உள்ளே சிலந்தி அசையாமல் இருந்தது. வயிறு கறுத்துப் பளபளவென்று இருந்தது. இரண்டு வாரமாக இரை எடுக்கவில்லை என்று ஆச்சி முன்பே சொல்லியிருந்தாள். கோமதி கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"முடியாது அங்கிள். தோல் கழட்டப் போறா. அதுக்குத்தான் திரை போட்டிருக்கா. இப்ப தோண்டினா செத்துடுவா. பெட்டியத் திருப்பினாலும் மண்ணு சரிஞ்சு மேல விழுந்துடும்."

"எப்ப முடியும்?"

"அது அவளுக்குத்தான் தெரியும். விசேஷத்துக்குள்ள நான் கை வைக்க மாட்டேன்."

அடைக்கப்பன் இன்னொரு முறை அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தார். பிறகு, கோபம் இல்லாமலே, "அப்ப கடையப் பத்திப் பேச ஒண்ணும் இல்லலா" என்றார்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். ஒரு வருஷமாக மனதுக்குள் அடுக்கிய பெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக அந்தச் சுவரிலிருந்து இறங்கின. ஆனால் தான் சொன்னது சரி என்பதில் அவளுக்கு ஒரு துளியும் தடுமாற்றம் இல்லை. அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். இவ்வளவு பாடுபட்டு அமைத்த பொந்தை விட்டுவிட்டு அது ஏன் போனது? காரணம் தெரியாமல் இந்த வீட்டைவிட்டுப் போவதில்லை என்று கிழக்கு முனையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம் சரியாக இருந்தது. காற்றும் குறைவில்லை.

அப்போது சமையலறையில் மாவாட்டும் கிரைண்டரைப் போட்டார்கள். கடகடவென்று அது சுற்றத் தொடங்கியதும் கண்ணாடி அவள் கைக்குள் அதிர்ந்தது. சிலந்திக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வளையம் வளையமாகச் சிலிர்த்தது. கிழக்குப் பொந்துக்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், கிரைண்டர் ஆடிக்கொண்டிருந்தது.

காதில்லாத ஜீவன் அது. காலால்தான் உலகத்தைக் கேட்கும். அதன் தலைமாட்டில் தினம் காலையில் மாவாட்டினால் எங்கே இருக்கும்?

"என் தப்புதான்" என்று எழுந்தாள் கோமதி. "வெளிச்சம் பாத்தேன், தண்ணி பாத்தேன், திசைகூடப் பாத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கல. யமனுக்காக ஒண்ணும் அவ வாசல் வைக்கல அங்கிள். கிரைண்டருக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்திருக்கா. இங்கதான் அவளுக்கு நிம்மதி."

கிரைண்டர் நின்றது. கையில் மாவோடு நாகம்மை ஆச்சி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் அடங்குவதைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"வீடு கட்டுறப்ப அடுப்படியில ரோட்டப் பாத்து ஒரு சன்னல் கேட்டேன். சாத்திரத்துல இடமில்லன்னு சொல்லிட்டீங்க. சுவத்தப் பாத்துக்கிட்டே ஆக்கிப் போடுறேன். இவ யாரையும் கேக்கல. தனக்கு வேணுங்கிற எடத்துல வச்சுக்கிட்டா. அத மூடச் சொல்றீங்களா?"

அடைக்கப்பன் வாயைத் திறந்தார். அறுபதாம் கல்யாணம் என்று ஏதோ தொடங்கினார்.

"கல்யாணம் எனக்கும்தான்" என்றாள் ஆச்சி. "என் கழுத்துலதான் தாலி ஏறப்போகுது. எனக்கு இல்லாத பயமா உங்களுக்கு? பெட்டி இருக்குற எடத்துலயே இருக்கட்டும். கிரைண்டர நான் பின்னால வெளியறைக்கு மாத்திக்கிறேன்."

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எதிரே தெற்கு வாசல். அதைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தார். கோமதி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சிலந்தி பிழைத்தது, அதுவரைக்கும் நிம்மதி. கடை போனது போனதுதான் என்று வாசலை நோக்கி நடந்தாள்.

ஆச்சி பின்னாலேயே வந்து அவளை நிறுத்தினாள். கூடத்தில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"பிரிக்பீல்ட்ஸ் கடை எங்கப்பா எனக்குக் குடுத்த சீதனம். இவங்க வாடகை வாங்கிப் பழகிட்டாங்க, அவ்வளவுதான். பத்திரத்துல இருக்குறது என் பேரு. அத உனக்குக் குடுக்குறேன்."

கோமதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அடைக்கப்பன் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் ஆச்சி. "அங்க எத எங்க வைக்கணும்னு எவனையும் கேக்காத. இங்கேருந்து இவங்களே வந்து சொன்னாலும் கேக்காத."

எதற்கும் வாய் சளைக்காத கோமதிக்கு அன்று ஒரு வார்த்தை எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆச்சிக்கு நன்றி சொல்லவில்லை என்பது ரயில் பெட்டாலிங் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்து, வெட்கமாகவும் மகா சந்தோஷமாகவும் இருந்தது.